தோட்டப்புறத்தில் மருத்துவப் பணியாளர்: அழைத்து வருவதும் ஆதரித்து வைப்பதும்

(தோட்டத் தொழிலாளர் சந்திப்புக் கூட்டம் ஒன்றில் தகவல் துறை அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பிச் சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துவிட்டு, சற்றே ஓய்வு கொள்ள வேண்டிய இம்மாலை வேளையில் நீங்கள் இம்மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைத்துப் பேச நாம் விரும்பவில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நோயைப் பற்றியதன்று. நோய் தீர்க்க வருபவர்களைப் பற்றியது. ஒரு மருத்துவ உதவியாளரோ, தாதியோ, மருத்துவரோ தோட்டப்புறத்துக்கு ஏன் எளிதில் வருவதில்லை? வந்தவர் ஏன் விரைவிலேயே வேறிடம் தேடிச் செல்கிறார்? அவர் நிலைத்திருக்க நம்மால் ஆகக்கூடியது யாது? இவையே நாம் ஆராய வேண்டியவை.

இதனை இங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. பிரட்டுக்களத்தை அடுத்துள்ள டிரசர் வீடு பூட்டிக் கிடப்பதை வரும் வழியில் கண்டோம். முன்பிருந்தவர் சென்று ஐந்து மாதம் ஆகிறது என்றார் உடன் வந்த மண்டோர். அடுத்த மாதத் தொடக்கத்தில் புதியவர் ஒருவர் பொறுப்பேற்க இருக்கிறார் என்று நிர்வாகி அவர்கள் தெரிவித்தார்கள். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால், ஆறு ஆண்டுகளுக்குள் இவர் நான்காமவர் என்பதனையும் அப்போதே கேட்டறிந்தோம். இந்த நான்காமவரும் ஐந்தாமவருக்கு இடம்விட்டுச் செல்வாரா, அல்லது உங்கள் பிள்ளைகளின் பெயரும் நோயும் அறிந்தவராக இங்கேயே நிலைத்திருப்பாரா என்பது பெரும்பாலும் இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நம்மைப் பொறுத்தது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று கூறுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. மருந்து லாரியில் வந்துவிடும். நோயுற்றவர்களுக்குத் தோட்டத்தில் என்றுமே பஞ்சமில்லை. எஞ்சிய இருவர்தாம் வருவதற்குத் தயங்குகின்றனர்.

தோட்டத்து மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1901ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலால் மக்கள் மடிவதைக் கண்டு, காடு திருத்தியும் வடிகால் வெட்டியும் கொசு பெருகும் நீர்நிலைகளை ஒழிக்க முனைந்தார். பின்னர்த் தோட்டங்களிலும் அப்பணியை விரிவுபடுத்தினார். நம் பாட்டன்மார் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று கசப்பான கொய்னாவை விழுங்கியதும் அக்காலத்தில்தான். 1912ஆம் ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று இயற்றப்பெற்றது. நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட முதலாளியின் கடமையாயிற்று. பெரிய தோட்டங்கள் தமக்கென மருத்துவமனை கட்டின. சிறிய தோட்டங்கள் பல கூடி ஒரு பொது மருத்துவமனையை நடத்தின. மருத்துவர் அவ்வப்போது வந்து பார்த்துச் சென்றார். எஞ்சிய நாள்களில் தோட்டத்து உயிர்கள் அனைத்துக்கும் டிரசர் ஒருவரே பொறுப்பு.

காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்பதே டிரசர் என்னும் சொல்லின் பொருள். ஆனால் அவர் கட்டு மட்டுமா போட்டார்? பல் பிடுங்கினார், பாம்புக்கடிக்கு முதலுதவி செய்தார், மிக்சர் கலக்கினார், லயத்துச் சாக்கடையைப் பார்வையிட்டார், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு உண்டா என்று பார்த்தார். நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இருந்தவர், கணவன் மனைவி சண்டையையும் தீர்த்து வைத்தார் என்பது எங்கள் அன்னையார் கூறக் கேட்டது. அது அவருடைய பணியன்று; ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தவரிடம் மக்கள் எதனைத்தான் கொண்டு செல்லமாட்டார்கள்!

பிற்காலத்தில் இத்தொழிலுக்குச் சட்டக் காப்பும் கிடைத்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்கள் பதிவு பெற்றவர்களாக இருத்தல் வேண்டும் என்று 1965ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அரசாங்க மருத்துவ உதவியாளர்களுக்கென 1977ஆம் ஆண்டில் தனிச்சட்டம் வந்தது. இன்று அரசாங்கப் பணியில் இருப்போர் உதவி மருத்துவ அதிகாரி என்று அழைக்கப்பெறுகின்றனர். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு முடித்தே பணிக்கு வருகின்றனர். தோட்டத்து நாவில் மட்டும் டிரசர் என்னும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் மருத்துவமனைகள் நிலைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்ட கதையை மூத்தோர் வாய்வழிக் கேட்டிருப்பீர்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் அவர்கள் இதனை ஆராய்ந்து எழுதினார். துன் சம்பந்தன் அவர்கள் தலைமையில் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் இத்துயரின் விளைவாகவே. நிலத்தைப் பத்தாகவும் இருபதாகவும் பிரித்து விற்க முடியும். மருத்துவமனையை அவ்வாறு பிரிக்க முடியாது. ஆகவே பல இடங்களில் அது மூடப்பட்டது. டிரசர் வேறு வேலைக்குச் சென்றார். பின்னர் இரப்பர் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டபோது தோட்டத்துக் குடிகள் குறைந்தனர். இவ்வளவு சிலருக்கு ஒரு மருத்துவமனையா என்னும் கேள்வியும் எழுந்தது. வீட்டு வசதி, மருத்துவ வசதி முதலியவற்றுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1990ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் கட்டடத்தையும் பணியிடத்தையும் கேட்டுப் பெற உதவும். அந்தப் பணியிடத்தில் ஒருவர் மனம் ஒன்றி இருப்பதனைச் சட்டத்தால் மட்டும் பெற்றுவிட முடியாது.

இதே காலத்தில் தோட்ட வேலிக்கு அப்பால் மற்றொன்று நிகழ்ந்தது. அதனை நாம் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் நமக்கு வேண்டிய விடை அங்கேதான் இருக்கிறது.

1950ஆம் ஆண்டுகளின் நடுவில் வகுக்கப்பெற்று, நாடு விடுதலை பெற்றபின் விரைவுபடுத்தப்பட்டது கிராமச் சுகாதாரத் திட்டம். ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், பத்தாயிரம் மக்களுக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவச்சி என்பது அதன் அமைப்பு. துன் சம்பந்தன் அவர்களே 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராக இருந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. 1970ஆம் ஆண்டுகளில் இவ்வமைப்பு இரண்டு அடுக்காக மாற்றப்பெற்று, மருத்துவச்சியின் சிறு நிலையம் கிளினிக் டேசா ஆயிற்று. அங்கே பிள்ளைப்பேற்றோடு தடுப்பூசி, குழந்தை வளர்ப்பு, சிறு நோய்கள் ஆகியவற்றையும் தாதி கவனிக்கலானார்.

பயன் யாது? 1957ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் பிள்ளைப்பேற்றின் தொடர்பில் உயிர்நீத்தனர். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவ்வெண்ணிக்கை 50க்கும் கீழே இறங்கியது. பெரும் மருத்துவமனைகளுக்கும், சாலைகளுக்கும், இரத்த வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கம்பத்துக்குள் சென்று கருவுற்ற தாயின் வீட்டுக் கதவைத் தட்டியவர் அந்தத் தாதியே.

அவர் எவ்வாறு அங்கே தங்கினார்? நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது இதுவே. முதலாவது, அவருக்குக் கட்டிய கட்டடம் வெறும் கிளினிக் அன்று. ஒரே கூரையின் கீழ்க் கிளினிக்கும் அவர் குடியிருக்கும் வீடும் அமைந்திருந்தன. நள்ளிரவில் ஒரு தாய்க்கு வலி எடுத்தால் தாதியைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. தாதியும் வாடகை வீடு தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டாவது, பயிற்சிக்கு எடுக்கப்பெற்ற பெண்களுள் பலர் கிராமப்புறத்தையே சேர்ந்தவர்கள். மண் சாலையும் மழைக்காலமும் அவர்களுக்குப் புதியன அல்ல. மூன்றாவது, அவர் தனித்து விடப்படவில்லை. மேற்பார்வைத் தாதி வந்து பார்த்தார். தம்மால் இயலாத பேற்றை மருத்துவமனைக்கு அனுப்ப வழிமுறை வகுக்கப்பெற்றது. ஊரிலிருந்த கம்பத்து மருத்துவச்சிகளையும் அரசாங்கம் ஒதுக்கித் தள்ளவில்லை. அவர்களைப் பதிவு செய்து, தூய்மையைக் கற்பித்து, ஆபத்தின் அறிகுறி கண்டால் உடனே தாதியிடம் அனுப்பப் பழக்கியது. பேறுகாலத்துக்குப்பின் எண்ணெய் தேய்ப்பதும் உடம்பு பிடிப்பதும் அவர்கள் கையிலேயே இருந்தன. புதிதாக வந்த இளம் தாதிக்கு ஊரில் முதல் துணை பல இடங்களில் அந்த மூதாட்டியே.

தோட்டங்கள் இத்திட்டத்துக்கு உள்ளே முழுமையாக வரவில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோர் நலம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று கருதப்பட்டது. வேலிக்கு அப்பால் கிளினிக் டேசாக்கள் எழுந்த காலத்திலேயே வேலிக்கு உள்ளே மருத்துவமனைகள் மூடப்பட்டு வந்தன. அரசாங்க இதழொன்றில் இதனைக் கூறலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நடந்ததை நடந்தவாறு கூறாமல் மேலே பேசுவதில் பயனில்லை.

இனி, வந்தவர் ஏன் செல்கிறார் என்பதற்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு மாநிலத்தில் ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது, எட்டே மாதத்தில் பணியைவிட்டு நீங்கவிருந்த மருத்துவ உதவியாளர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. இளைஞர், இனிய பேச்சினர். பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். சம்பளம் போதவில்லையா என்று கேட்டோம். சம்பளத்தை அவர் மூன்றாவதாகத்தான் கூறினார்.

முதலில் கூறியது கூரை. மழை பெய்தால் படுக்கையை அறைக்கு அறை இழுக்க வேண்டியிருந்ததாம். எழுதிக் கொடுத்தும் மூன்று மாதம் எவரும் வரவில்லை. இரண்டாவதாகக் கூறியது எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டு. இதனைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நாமும் அப்போது சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, காலை ஆறு மணிக்கு வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களுள் மூவர் மெய்யாகவே நோயாளிகள். எழுவருக்குச் சீட்டு வேண்டும். கொடுக்காவிட்டால் லயத்தில் என்னை ஏசுவார்கள். கொடுத்தால் அலுவலகத்தில் என்னை அழைத்து, இன்று ஏன் இத்தனை பேர் வேலைக்கு வரவில்லை என்று கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த மூவரை ஒழுங்காகப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை" என்றார்.

பெருமக்களே, இச்சொற்களை நாம் எளிதில் மறக்க முடியவில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். அவர் காக்க வேண்டியது தொழிலாளியை. நகரத்து மருத்துவர் சீட்டு எழுதும்போது நோயாளியின் முதலாளி அடுத்த அறையில் அமர்ந்திருப்பதில்லை. ஆகவே நிர்வாகி அவர்கள் பொறுத்தருள வேண்டும், ஒன்றைக் கூறுகிறோம். இன்று எத்தனை சீட்டு என்று கணக்குக் கேட்பதனை நிறுத்துங்கள். எந்த நோய் மிகுந்துள்ளது, ஏன் மிகுந்துள்ளது என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் பன்னிருவர் வயிற்றுப்போக்கால் வந்தால், குற்றம் சீட்டில் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. தொழிலாளத் தோழர்களுக்கும் ஒன்று உண்டு. திருவிழாவுக்கு மறுநாள் உறக்கம் தெளியவில்லை என்பதற்காகச் சீட்டுக் கேட்டு ஒரு நல்லவரை ஏசாதீர்கள். பொய்யை ஏழு முறை கேட்ட செவி, எட்டாம் முறை உண்மையான நெஞ்சுவலியையும் ஐயத்தோடுதான் கேட்கும். அது உயிருக்கே தீங்காய் முடியலாம்.

இரவில் கதவைத் தட்டுவதும் இத்தகையதே. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பாம்புக்கடி, வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு, கருவுற்ற தாய்க்கு இரத்தம் படுதலோ கடுந்தலைவலியோ கண் மங்கலோ, களைக்கொல்லி மருந்து உடலில் பட்டோ உட்சென்றோ போதல், குழந்தைக்குக் கடுங்காய்ச்சலோடு சோர்வு ஆகிய இவற்றுக்கு எந்த நேரத்திலும் தட்டுங்கள், தயங்கவே கூடாது. அவர் எழுந்து வரக் காலம் தாழ்ந்தால் 999 எண்ணை அழையுங்கள். ஆனால் நான்கு நாளாக இருக்கும் முதுகுவலிக்கு ஐந்தாம் நாள் நள்ளிரவில் எழுப்ப வேண்டுவதில்லை. அவரும் விடியற்காலையில் உங்களைப்போலவே பணிக்கு எழ வேண்டியவர்.

அந்த இளைஞரின் மனைவி நகரத்தில் பள்ளியாசிரியை. மாதம் இருமுறைதான் சந்திக்க முடிந்ததாம். மாலை ஐந்து மணிக்குமேல் பேச ஆளில்லை. கிராணிமார் வீட்டுக்குச் சென்றால் தொழிலாளர் ஐயுறுகின்றனர். லயத்துக்குச் சென்றால் அலுவலகத்தார் முகம் சுளிக்கின்றனர். கற்ற தொழில் துருப்பிடித்துப் போகுமோ என்ற அச்சம் வேறு. நகரத்து மருத்துவமனையில் பணி செய்யும் அவருடைய நண்பர்கள் புதிய பயிற்சிகளுக்குச் செல்கிறார்கள். அவருக்கு வந்ததோ பழைய சுற்றறிக்கை மட்டுமே.

மருத்துவர்களின் நிலையும் இதிலிருந்து மிகவும் வேறுபட்டதன்று. புதிய மருத்துவர்கள் குறிப்பிட்ட காலம் அரசாங்கப் பணி ஆற்ற வேண்டுமென 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் விதித்தது. அதனால் உட்பகுதிகளுக்கும் மருத்துவர் சென்றனர். ஆனால் கட்டாயம் ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்குமேயன்றித் தங்க வைக்காது. தவணை முடிந்த மறுநாளே பெட்டி கட்டுவோர் பலர். 2016ஆம் ஆண்டில் இளம் மருத்துவர்களை ஒப்பந்த முறையில் அமர்த்தும் வழக்கம் தொடங்கியது. நாளை தம் நிலை யாதென அறியாத மனக்குறையை, 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர்கள் மருத்துவமனை வளாகங்களில் கூடி வெளிப்படையாகவே தெரிவித்தனர். நாளை எங்கிருப்போம் என்று அறியாத ஒருவரை, இன்று இங்கே வேர்விட்டு நில் என்று கேட்பது எவ்வாறு?

எனில், எவர் தங்குவர்? இக்கேள்வியைப் பல நாடுகள் ஆராய்ந்துள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டில் இதற்கெனவே வழிகாட்டு நூல் ஒன்றினை வெளியிட்டு, 2021ஆம் ஆண்டில் அதனைத் திருத்தியமைத்தது. கிராமப்புறப் பிள்ளைகளையே மருத்துவக் கல்விக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பரிந்துரைகளுள் முதன்மையானது. ஜப்பான் நாட்டில் 1972ஆம் ஆண்டிலேயே ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் இந்நோக்கத்துக்காக நிறுவப்பெற்றது. நாட்டின் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஆண்டுதோறும் சிலரைத் தேர்ந்தெடுத்து, கல்விச் செலவைப் பொறுப்பேற்று, படிப்பு முடிந்தபின் தத்தம் மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றச் செய்கின்றனர். அவற்றுள் ஒரு பகுதி தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் கழிகிறது. தவணை முடிந்த பின்னரும் சொந்த மாநிலத்திலேயே தங்கிவிடுவோர் மிகுதி. அங்கே தாயும் தந்தையும் இருக்கின்றனர், பேச்சுவழக்கு தெரியும், ஊர்த் திருவிழா எந்நாள் என்பதும் தெரியும்.

இதனைக் கேட்டதும், வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்று காத்திருக்கும் நாம், நம் வீட்டுப் பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை என்னும் எண்ணம் எழுகிறதல்லவா? இவ்விடத்தில் நம் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூற விரும்புகிறோம்.

தகவல் துறைக்கு வருமுன் ஆசிரியப் பயிற்சி பெற்று, தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினோம். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். வகுப்பில் எவருக்காவது கால் இடறி இரத்தம் வந்தால் மற்றப் பிள்ளைகள் அலறுவர். இவள் தண்ணீர் கொண்டுவந்து கழுவுவாள். இடைநிலைப்பள்ளி சென்று எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகவே தேறினாள். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்புக் கடிதமும் வந்தது. தந்தையார் மறுத்துவிட்டார். செய்தி அறிந்து நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம். "வாத்தியாரையா, பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் விடுதிக்கு அனுப்பிவிட்டு நான் இங்கே எப்படிக் கண்ணுறங்குவது?" என்று கேட்டார். பால்வெட்டுத் தொழிலாளி, பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர். அவருக்கு என்ன மறுமொழி கூறுவதென்று அன்று நமக்குத் தெரியவில்லை. தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாம் முறை சென்றிருக்க வேண்டும். விடுதியில் காப்பாளர் உண்டு, அதே தோட்டத்து ஆண்பிள்ளை ஒருவன் அந்நகரில்தான் படிக்கிறான், முதல் நாள் நாமே உடன் வருகிறோம் என்றெல்லாம் கூறியிருக்கலாம். அழைப்புக் கடிதத்தின் நாள் கடந்த பின்னர்தான் இவை நம் நினைவுக்கு வந்தன. அப்பெண் இன்று மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் இரவு முறை வேலை செய்கிறாள். தூரம் என்று அஞ்சிய அதே தந்தையார், தொழிற்சாலைப் பேருந்து அவளை இறக்கிவிடும்வரை இன்றும் வாசலில் விழித்திருக்கிறார். அத்தோட்டத்துக் கிளினிக்கில் பணியிடம் ஒன்று காலியாக உள்ளதாகக் கடந்த ஆண்டு கேள்விப்பட்டோம்.

ஆகவே இம்மண்டபத்தில் உள்ள பெற்றோரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவ உதவியாளர் பயிற்சியும் தாதியர் பயிற்சியும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புகள். சிரம்பானிலும், பேராக் மாநிலத்து உலு கிந்தாவிலும், வேறு பல இடங்களிலும் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். விரிவான தகுதிகள் ஒவ்வொரு சேர்க்கையின் அறிவிப்பிலும் கூறப்படும். இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் செல்லும்போதே அறிவியலைக் கைவிட்டுவிட்டால் பின்னர் வருந்திப் பயனில்லை. நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் வழிதவறுகின்றனர். அறிவியல் கடினம் என்று எவரோ கூறியதைக் கேட்டு வேறு வகுப்புக்கு மாறிவிடுகின்றனர். அப்போது ஒரு வார்த்தை தலைமையாசிரியர் அவர்களையோ, கிளினிக்கில் உள்ளவரையோ கேளுங்கள். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் மாவட்டத் தகவல் அலுவலகத்துக்குப் பிள்ளையை அனுப்புங்கள்; எங்கள் ஊழியர் உடனிருந்து உதவுவர். டிரசர் என்றால் ஆண், தாதி என்றால் பெண் என்ற பழைய கணக்கையும் பார்க்க வேண்டாம்.

பிள்ளை படித்து முடித்துத் தோட்டத்துக்கே திரும்புவானா என்று ஒருவர் கேட்கலாம். எல்லாரும் திரும்பமாட்டார்கள். ஐவர் சென்றால் ஒருவர் இப்பக்கம் வரக்கூடும். ஒருவரும் செல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் உறுதி.

அதுவரை வருபவர்கள் வெளியூராராகவே இருப்பர். அவர் தமிழராகவும் இருக்கலாம். மலாய்க்காரராகவோ, சரவாக், சபா மாநிலத்தவராகவோ இருக்கலாம். நம் பாட்டிமார் "உடம்பு எரிகிறது", "வாயு ஏறிவிட்டது" என்று கூறுவது அவருக்கு விளங்காது. மொழி அறிந்த பிள்ளை ஒன்று துணைக்குச் செல்லட்டும். லயத்தில் இன்று இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரும் வாழ்கின்றனர். அவர்களுக்கும் அவரே மருந்து கொடுக்க வேண்டும். எங்களை விட்டுவிட்டு அவர்களை முதலில் பார்க்கிறார் என்று குறை கூறுவதை ஓரிரு தோட்டங்களில் கேட்டோம். காய்ச்சலுக்குக் கடப்பிதழ் தெரியாது. டெங்கிக் கொசு ஒருவரைக் கடித்துவிட்டு அடுத்த கதவுக்குத்தான் பறந்து செல்கிறது.

இனி அந்த வீடு. வரும் வழியில் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். கண்ணாடி இரண்டு உடைந்திருக்கின்றன. கூரையின் ஓரத்தில் நீர்க்கறை தெரிகிறது. முற்றத்தில் லாலான் புல் முழங்கால் அளவு வளர்ந்துள்ளது. புதியவர் மனைவியோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் வருகிறார் என்று நிர்வாகி அவர்கள் கூறினார்கள். அவ்வம்மையார் லாரியிலிருந்து இறங்கியதும் முதலில் காண்பது அம்முற்றத்தைத்தான். இவ்வூரில் இருக்கலாமா, வேண்டாமா என்பதனைக் கணவர் கிளினிக்கைப் பார்த்து முடிவு செய்வதைவிட, மனைவி அடுப்படியைப் பார்த்து முடிவு செய்வதே மிகுதி என்பது நாம் கண்ட அனுபவம்.

கூரையும் கண்ணாடியும் நிர்வாகத்தின் பொறுப்பு; இம்மாத இறுதிக்குள் செய்து தருவதாக நிர்வாகி அவர்கள் இக்கூட்டத்துக்கு முன்னர் நம்மிடம் ஒப்புக்கொண்டார்கள். அதனை உங்கள் அனைவர் முன்னிலையிலும் கூறிவிட்டோம். புல் வெட்டுவதற்கு இளைஞர் மன்றத்தார் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகக் கூறியுள்ளனர். கத்தி உள்ளோர் கொண்டு வாருங்கள். அப்பிள்ளைகளுள் மூத்தவனுக்கு ஆறு வயது. தலைமையாசிரியர் அவர்கள் அவனுக்குப் பள்ளியில் இடம் வைத்திருக்கிறார்கள்.

தாய்மார்களுள் எவரேனும் முதல் நாள் மதிய உணவைப் பொறுப்பேற்க முன்வந்தால், வெளியே செல்லும் முன்னர் மண்டோரிடம் பெயர் கொடுத்துச் செல்லுங்கள். ஏழாம் தேதி காலை பத்து மணியளவில் அவர்களுடைய லாரி வந்து சேரும். இப்போது நிர்வாகி அவர்களோடு நாம் அவ்வீட்டின் தண்ணீர்க் குழாயைப் பார்த்துவரச் செல்கிறோம். வர விரும்புவோர் உடன் வரலாம். வணக்கம்.